குழந்தை சொல்லும் கதையை வீட்டிலேயே புத்தகமாக்குதல்: பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

நான்கு முதல் ஒன்பது வயது வரையுள்ள குழந்தை தானே கட்டிய கதையைச் சொல்லி, அதற்குத் தானே படம் வரைந்து, பெற்றோருடன் சேர்ந்து தைத்துப் புத்தகமாக்கும் முழு வேலையையும் இந்த வழிகாட்டி வரிசையாக விளக்குகிறது. குழந்தையின் கற்பனை வளர வேண்டும் என்று விரும்பும் பெற்றோர் பெரும்பாலும் வண்ணப்பெட்டி வாங்குவதிலோ ஓவிய வகுப்பில் சேர்ப்பதிலோ தொடங்குகிறார்கள். அவை பின்னால் வரலாம். முதலில் வர வேண்டியது, குழந்தை சொல்வதைப் பெரியவர் ஒருவர் குறுக்கிடாமல் கேட்டு, சொன்னபடியே எழுதிவைப்பது. தன் வாயிலிருந்து வந்த சொற்கள் மறுநாளும் அதே சொற்களாகத் தாளிலிருந்து திரும்பி வருவதைக் கேட்ட குழந்தை, அடுத்த கதையைத் தானாகவே தேடி வந்து சொல்கிறது.

கேட்பது, எழுதுவது, திரும்ப வாசிப்பது, பக்கம் பிரிப்பது, வரைவது, எழுத்தேற்றுவது, தைப்பது என்ற வரிசையை மாற்ற வேண்டாம். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் முடிக்கவும் முயல வேண்டாம். ஒரு சிறு புத்தகத்துக்கு இரண்டு மூன்று வாரம் ஒதுக்கினால் ஒவ்வொரு படியிலும் குழந்தைக்கு யோசிக்க இடம் கிடைக்கும்.

1. தொடங்கும் முன் தேவைப்படுபவை

முதல் தேவை நேரம். நாள்தோறும் பதினைந்து நிமிடம் போதும். ஆனால் அது ஏறக்குறைய ஒரே வேளையாக இருக்க வேண்டும். பள்ளிவிட்டு வந்து பலகாரம் சாப்பிட்ட பிறகோ, இரவு படுக்கும் முன்போ, எது உங்கள் வீட்டுக்கு ஒத்துவருமோ அதைத் தேர்ந்துகொள்ளுங்கள். அந்நேரத்தில் கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். பெற்றோரின் கண் ஒருமுறை திரைக்குப் போனாலும் குழந்தை கதையைச் சுருக்கிவிடுகிறது. கேட்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் அது கதையை நீட்டுகிறது.

இரண்டாவது, கதை எழுதுவதற்கென்றே ஒரு தடிமனான நோட்டு. வீட்டுக்கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதாதீர்கள். தனி நோட்டு இருப்பதைக் குழந்தை கவனிக்கும். தன் சொல்லுக்கு வீட்டில் ஓர் இடம் இருப்பதை அதிலிருந்து புரிந்துகொள்ளும்.

மூன்றாவது, பொருள்கள். ஏ4 அளவில் 100 முதல் 120 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை; தாளின் தடிமனைக் கடையில் இப்படித்தான் சொல்வார்கள்) உள்ள வெள்ளைத் தாள், பென்சில், அழிப்பான், கலர் பென்சில் அல்லது கிரேயான், 30 செ.மீ. ஸ்கேல், தடித்த தையல் ஊசி, கெட்டியான பருத்தி நூல், உறைக்கு ஒரு சார்ட் தாள். இவை எல்லாம் ஸ்டேஷனரிக் கடையிலும் தையல் சாமான் கடையிலும் கிடைக்கும். ஜெராக்ஸ் எடுக்கும் சாதாரணத் தாள் பெரும்பாலும் 70 முதல் 80 ஜி.எஸ்.எம். தான் இருக்கும்; அதில் ஒரு பக்கத்துப் படம் மறுபக்கத்து எழுத்தில் தெரியும்.

வாங்கிய சார்ட், நூல், ஊசி ஆகியவற்றை உடனே குழந்தையிடம் காட்டாதீர்கள். கண்ணில் பட்டால் உறையை அலங்கரிக்கும் ஆசை முன்னால் வந்துவிடும். கதை இல்லாத அழகான உறைகள் பல வீடுகளில் அப்படித்தான் சேர்கின்றன.

2. முதலில் நீங்கள் கதை சொல்லுங்கள்

“ஒரு கதை சொல்லு, எழுதிக்கிறேன்” என்று நேரே கேட்டால் பெரும்பாலான குழந்தைகள் விழிப்பார்கள், அல்லது பள்ளியில் கேட்ட கதையை ஒப்பிப்பார்கள். கேள்வி அவ்வளவு பரந்ததாக இருக்கும்போது எங்கே கால் வைப்பது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. முதல் ஐந்தாறு நாள் எழுத்து வேலையே வேண்டாம். நீங்கள் சொல்லுங்கள், குழந்தை கேட்கட்டும்.

சொல்லும் கதை உங்கள் வாழ்க்கையிலிருந்து வருவது நல்லது. நீங்கள் சிறுவயதில் கிணற்றடியில் செருப்பைத் தவறவிட்டது, மின்சாரம் போன இரவில் மொட்டைமாடியில் படுத்தது, தாத்தாவின் சைக்கிளை யாருக்கும் தெரியாமல் ஓட்டிப் பார்த்தது போன்றவை எதுவும் ஆகும். வீட்டில் நடந்த சின்ன விஷயமே கதையாகும் என்பதைக் குழந்தை அப்போது நேரில் பார்க்கிறது. அரசனும் அரக்கனும் இருந்தால்தான் கதை என்ற எண்ணம் தளர்கிறது.

மூன்றாம் நான்காம் நாளில் பாதியில் நிறுத்தி, “அப்ப அந்தச் செருப்பு கிணத்துக்குள்ள என்ன பண்ணிட்டு இருந்திருக்கும்?” என்று கேளுங்கள். குழந்தை சொல்லும் பதிலை ஏற்றுக்கொண்டு அங்கிருந்தே கதையைத் தொடருங்கள். உங்கள் மனத்தில் இருந்த முடிவுக்குக் கதையை இழுத்துக்கொண்டு போனால், தன் பதிலுக்குப் பயன் இல்லை என்று குழந்தை தெரிந்துகொள்ளும்; அடுத்த முறை பதில் சொல்லாது.

குழந்தைக்குத் தொடக்கம் கிடைக்கவில்லை என்றால், வீட்டிலுள்ள ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு பொருள்களைக் கொடுத்துப் பாருங்கள். தோசைக்கல்லும் நத்தையும், குடையும் பல்லியும், துணி உலர்த்தும் கொடியும் நிலாவும் என்று ஏதோ இரண்டு. ஒன்றை மற்றொன்றோடு சேர்க்க வேண்டிய நெருக்கடியிலேயே கதை பிறந்துவிடும். நத்தை தோசைக்கல்லின் மேல் ஏறிவிட்டது என்று குழந்தை சொன்ன கணத்தில், அடுத்து என்ன ஆகும் என்ற கேள்வி தானாக எழுகிறது.

இந்தக் கட்டத்தில் செய்யவே கூடாத ஒன்று, கதை முடிந்ததும் “இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?” என்று கேட்பது. அந்தக் கேள்வி கதை நேரத்தைத் தேர்வு நேரமாக்கிவிடுகிறது. அதற்குப் பழகிய குழந்தை நீதியை முதலில் தேடி, அதற்கேற்ப ஒரு வறண்ட கதையைச் செய்து தருகிறது.

3. சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள்

இந்த முழு வேலையின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. பெற்றோர் மிக அதிகமாகத் தடுமாறுவதும் இங்கேதான்.

குழந்தை “அப்பறம் அந்த யானை ஓடியே போச்சு, திரும்பியே பாக்கல” என்று சொன்னால், நோட்டில் அதையே எழுதுங்கள். “பிறகு அந்த யானை திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட்டது” என்று எழுதாதீர்கள். நாம் பேசும் தமிழுக்கும் எழுதும் தமிழுக்கும் இடையே உள்ள தூரத்தால், பேனா கையில் எடுத்ததுமே திருத்தி எழுதும் பழக்கம் படித்த பெற்றோரிடம் ஊறியிருக்கிறது. நான்கைந்து வயதுக் குழந்தைக்கு எழுத்துத் தமிழ் இன்னும் பாதி அயல்மொழிதான். அதில் மாற்றி வாசித்துக் காட்டினால், தான் சொன்ன கதை இதுதான் என்று அது அடையாளம் காணாது. தன்னுடைய பேச்சு எழுதத் தகுந்ததில்லை என்றும் எண்ணிக்கொள்ளும். எழுத்துத் தமிழைப் பாடப்புத்தகமும் நீங்கள் வாசித்துக் காட்டும் கதைப்புத்தகங்களும் கொண்டுவந்து சேர்க்கும். அதற்குக் குழந்தையின் சொந்தக் கதையைப் பலியிட வேண்டியதில்லை.

அதே காரணத்தால், ஆங்கில வழியில் படிக்கும் குழந்தை “பஸ் ஸ்பீடா வந்து பிரேக் போட்டுச்சு” என்று சொன்னால் அதையும் அப்படியே தமிழ் எழுத்தில் எழுதுங்கள். “பேருந்து விரைந்து வந்தது” என்று மாற்றுவது உங்கள் கதையாகும். வெளிநாட்டில் வளரும் குழந்தை பாதிக் கதையை அந்நாட்டு மொழியிலேயே சொன்னாலும் நிறுத்த வேண்டாம். கதை ஓடும்போது மொழியைத் திருத்தினால் இரண்டுமே நின்றுவிடுகின்றன.

எழுதும் வேகம் போதவில்லை என்றால், எழுதிக்கொண்டிருக்கும் சொற்களையே வாய்விட்டு மெதுவாகச் சொல்லுங்கள்: “யானை… ஓடியே… போச்சு…” குழந்தை உங்கள் கைக்காகக் காத்திருக்கும். சில நாளில் எழுத்தின் நீளத்துக்கு ஏற்றபடி தானே நிறுத்தி நிறுத்திச் சொல்லவும் தொடங்கும். கைப்பேசியில் பதிவு செய்து பிறகு எழுதலாம் என்று பலருக்குத் தோன்றுகிறது. நான் அதை விரும்புவதில்லை. பேசிய சொல் கண்ணெதிரே எழுத்தாக மாறுவதைப் பார்ப்பது, படிக்கக் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தைக்குக் கிடைக்கும் பெரிய பயன். பதிவு செய்தால் அது போய்விடும்.

குழந்தை நின்றால் நீங்களும் நில்லுங்கள். மனத்துக்குள் மெதுவாகப் பத்து எண்ணும் வரை எதுவும் பேசாதீர்கள். பெரியவர்களுக்கு அந்த மௌனம் மிக நீளமாகத் தெரியும். குழந்தைக்கு அது அடுத்த வரியைத் தேடும் நேரம். அதன் பிறகும் வரவில்லை என்றால் கேட்கத்தக்க கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “அப்பறம் என்ன ஆச்சு?” “அப்பறம் அந்த யானை அம்மாவைத் தேடிப் போச்சா?” என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் குழந்தை “ஆமா” என்று சொல்லும். அத்துடன் கதை உங்கள் கைக்கு மாறிவிடும்.

ஒவ்வொரு கதையின் தலையிலும் தேதியையும், சொன்னவர் பெயரையும், எழுதியவர் பெயரையும் குறியுங்கள். பாட்டியோ சித்தப்பாவோ எழுதியிருந்தால் அவர்கள் பெயர் வரட்டும்.

4. திரும்ப வாசித்தலும் நடித்துப் பார்த்தலும்

மறுநாள் அதே நேரத்தில் கதையை அட்சரம் பிசகாமல் வாசித்துக் காட்டுங்கள். மறுநாள் என்பதற்குக் காரணம் உண்டு. சொன்ன உடனே வாசித்தால் மனத்தில் உள்ள கதையே குழந்தையின் காதில் ஒலிக்கும். ஒரு நாள் இடைவெளிக்குப் பிறகு அது தாளில் உள்ள கதையைக் கேட்கிறது. “இல்ல, அந்தக் குரங்கு முதல்லயே மரத்துல இருந்துச்சு” என்ற திருத்தம் அப்போதுதான் குழந்தையிடமிருந்தே வரும். சொல்லும் திருத்தத்தைப் பழைய வரியை அழிக்காமல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அது மீண்டும் பழையதையே கேட்கவும் கூடும்.

அதன்பின் கதையை வீட்டுக் கூடத்திலேயே நடித்துப் பாருங்கள். அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வகப் பள்ளியில் நெடுங்காலம் கற்பித்த விவியன் பேலி என்னும் ஆசிரியர் இம்முறையைத் தம் வகுப்பில் நிலையாகக் கையாண்டார். குழந்தை சொல்லச் சொல்ல அவர் எழுதுவார், பிறகு வகுப்பே அந்தக் கதையை நடிக்கும். வீட்டில் இதற்கு மேடையோ உடையோ தேவையில்லை. துண்டு தும்பிக்கையாகும், அப்பா மரமாக நிற்பார். நீங்கள் எழுதியதை வாசிக்க, குழந்தை நடிக்கட்டும்.

நடிக்கும்போது கதையின் இடைவெளிகள் தெரிந்துவிடும். யானை ஆற்றைக் கடந்தது என்று எழுதியிருக்கும், கடக்கும் இடத்தில் வந்து நின்று, “எப்படிக் கடந்துச்சு?” என்று குழந்தையே கேட்கும். நீங்கள் சுட்டிக்காட்டினால் குறையாகத் தோன்றும் இடம், இங்கே அது தானே கண்டெடுத்த புது நிகழ்ச்சியாகிவிடுகிறது.

5. பக்கம் பிரித்தல்

பல கதைகள் சேர்ந்த பிறகு, எதைப் புத்தகமாக்கலாம் என்று குழந்தையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் பிடித்த கதையை அது விட்டுவிடக்கூடும், விட்டுவிடட்டும்.

முதல் புத்தகத்துக்கு இரண்டு ஏ4 தாள்கள் போதும். அவற்றைக் குறுக்காகப் பாதியாக மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் எட்டுப் பக்கம் கிடைக்கும். முதல் பக்கம் தலைப்புக்கு. எட்டாம் பக்கம் கதை சொன்னவரைப் பற்றிய குறிப்புக்கு. நடுவில் 2–3, 4–5, 6–7 என்று மூன்று விரிப்புகள், அதாவது திறந்தால் எதிரெதிரே தெரியும் பக்க இணைகள், அமையும். இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் படம். கதையை மூன்றாகப் பிரிப்பது ஐந்து வயதுக் குழந்தையாலும் முடியும். ஏழெட்டு வயதானால் நான்கு தாள் எடுக்கலாம். அப்போது பதினாறு பக்கமும் ஏழு விரிப்புகளும் கிடைக்கும்.

தாள்களைச் செருகிய நிலையிலேயே ஒவ்வொரு பக்கத்தின் கீழ் மூலையிலும் பென்சிலால் சிறியதாக எண் போட்டுவிடுங்கள். அதன் பிறகே தாள்களைப் பிரிக்க வேண்டும். எண் போடாமல் பிரித்து வரையத் தொடங்குபவர்கள், இரண்டாம் பக்கத்துக்கு அடுத்தது மூன்றாம் பக்கம் என்று எண்ணி மடித்த தாளின் வலப்பாதியில் வரைந்துவிடுகிறார்கள். தைக்கும்போது அது எட்டுப் பக்கப் புத்தகத்தில் ஏழாம் பக்கமாகவும், பதினாறு பக்கப் புத்தகத்தில் பதினைந்தாம் பக்கமாகவும் வந்து நிற்கும். எண்கள் சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. விரித்த ஒரு தாளின் ஒரே முகத்தில் உள்ள இரண்டு எண்களைக் கூட்டினால் எட்டுப் பக்கப் புத்தகத்தில் எப்போதும் 9 வர வேண்டும். பதினாறு பக்கப் புத்தகத்தில் 17.

மடிப்பை ஒட்டி இரு புறமும் 2 செ.மீ. அளவுக்குப் பென்சில் கோடு இழுத்து, அதற்குள் எழுத்தோ முகமோ வரக்கூடாது என்று சொல்லிவையுங்கள். தைத்தபின் அந்த இடம் மடிப்புக்குள் போய்விடும்.

6. படம் வரைதல்

தைத்த பிறகு வரையலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தனித்தாளாக இருக்கும்போது ஒரு படம் கெட்டால் அந்தத் தாளை மட்டும் மாற்றலாம். தைத்தபின் கெட்டால் புத்தகமே கெட்டுவிட்டதாகக் குழந்தை அழும். அந்தப் பயத்திலேயே கோடு சுருங்கிப்போகும். தைப்பது கடைசியில் வருவதற்குக் காரணம் இதுவே.

கலர் பென்சிலும் கிரேயானும் இந்த வேலைக்குப் பொருத்தமானவை. ஸ்கெட்ச் பேனாவின் மை மறுபக்கத்துக்கு ஊறிவிடும். வாட்டர் கலரில்தான் வரைவேன் என்று குழந்தை சொன்னால் தனித் தடித்தாளில் வரையவிட்டு, காய்ந்தபின் வெட்டி ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கண்ணாடிபோல் ஆகும்வரை கிண்டி ஆறவைத்த பசை நன்றாக இருக்கும். பைண்டிங் செய்பவர்கள் பூச்சி வராமல் இருக்க இதில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு, குழந்தை கை வைக்கும் பசையில் சேர்க்கவே கூடாது. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

குழந்தையின் படத்தைப் பெரியவர் கண்ணால் அளக்காமல் இருக்க, வயதுக்கேற்ற வரைதலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருப்பது உதவும். குழந்தை ஓவியங்களை நிலை நிலையாகப் பிரித்து விளக்கியவர்களில் முக்கியமானவர் விக்டர் லோவன்ஃபெல்ட். அவருடைய பகுப்பின்படி நான்கு வயதளவில் கிறுக்கல் உருவமாக மாறத் தொடங்குகிறது. தலையிலிருந்தே நேராகக் கைகால் முளைக்கும் மனிதர்கள் அப்போதுதான் வருகிறார்கள். ஏழு வயதையொட்டி, தாளின் அடியில் ஒரு தரைக்கோடும் அதன் மேல் வரிசையாக நிற்கும் வீடு, மரம், மனிதர்களும் வருகிறார்கள். ஒன்பது வயதுக்கு மேல், வரைந்தது நிஜம்போல் இருக்கிறதா என்ற கவலை தொடங்குகிறது. ஆகவே அம்மா வீட்டைவிட உயரமாக நிற்பதையோ, சுவருக்குள் இருக்கும் பூனை வெளியே தெரிவதையோ பிழை என்று கருத வேண்டாம். எது முக்கியமோ அது பெரிதாகிறது. உள்ளே இருப்பது தெரிந்த விஷயம் என்பதால் அது தெரிகிறது.

குழந்தையின் தாளில் நீங்கள் ஒரு கோடுகூடப் போடாதீர்கள். “யானை எப்படி வரையறதுன்னு தெரியல, நீ போட்டுக் குடும்மா” என்று கேட்கும்போது மறுப்பது கடினம். ஆனால் போட்டுக்கொடுத்தால் அதன் அருகில் நிற்கும் தன் குரங்கு குழந்தையின் கண்ணுக்கு அசிங்கமாகத் தெரியத் தொடங்கும். அதற்குப் பதில் பார்க்க உதவுங்கள். “யானைக்கு எது ரொம்பப் பெருசு? காது எங்க தொடங்குது? கால் தூண் மாதிரியா, குச்சி மாதிரியா?” என்று கேளுங்கள். கோயில் யானையோ சுவரொட்டியோ எதிரில் வந்தால் நின்று பார்க்கவிடுங்கள். கைப்பேசியில் தேடி எடுத்த படத்தைப் பார்த்து வரையச் சொன்னால், குழந்தை யானையை விட்டுவிட்டு அந்தப் படத்தைத்தான் வரையும்.

வரைந்து முடித்த படத்தைக் காட்டும்போது “இது என்ன?” என்று கேட்காதீர்கள். அடையாளம் தெரியவில்லை என்பதே அந்தக் கேள்வியின் பொருளாகக் குழந்தைக்குப் படும். “இதைப் பத்திச் சொல்லு” என்றால் போதும். “சூப்பர்” என்ற ஒற்றைச் சொல்லும் பயன் தராது, “குரங்குக்கு மட்டும் நிழல் போட்டிருக்க, ஏன்?” என்று கண்ணில் பட்ட ஒன்றைச் சொல்லுங்கள். நீங்கள் உண்மையாகவே பார்த்தீர்கள் என்று அதற்குத் தெரியும்.

7. எழுத்தேற்றுதல்

இடப்பக்கங்களில் 1 செ.மீ. இடைவெளியில் மெல்லிய பென்சில் கோடுகள் இழுத்து, கதையை அச்செழுத்துப்போல் தெளிவாக எழுதுங்கள். எழுதத் தெரிந்த குழந்தை தலைப்பையும் தன் பெயரையும், விரும்பினால் பக்கத்துக்கு ஒரு வரியையும் எழுதட்டும். முழுக் கதையையும் எழுதச் சொன்னால் கை வலித்து, அடுத்த கதையைச் சின்னதாகச் சொல்லிவிடும். குழந்தை எழுதிய வரியில் ‘ர’வும் ‘ற’வும் மாறியிருந்தால் முதல் புத்தகத்தில் விட்டுவிடுங்கள். ஏழெட்டு வயதில் அதுவே வந்து கேட்கும். அப்போது திருத்தித் தரலாம்.

8. தைத்தல்

ஸ்டேப்ளர் இங்கே உதவாது. வீட்டில் உள்ள சாதாரண ஸ்டேப்ளர் மடிப்பின் நடுக்கோடு வரை எட்டாது. எட்டினாலும் பின்னின் முனை விரலைக் கீறும், நாளடைவில் துருப்பிடித்துத் தாளையும் கறையாக்கும்.

சார்ட் தாளை 30 செ.மீ. அகலமும் 21.5 செ.மீ. உயரமுமாக வெட்டி நடுவில் மடித்தால் உறை தயார். மடிப்பை ஒரு கரண்டியின் பின்புறத்தால் அழுத்தித் தேய்த்தால் கூர்மையாக விழும். பெரிய அளவிலான பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையும் நன்றாக உழைக்கும். உறைக்குள் தாள்களை எண் வரிசைப்படி செருகி, மேலும் கீழும் துணிக் கிளிப்பால் பிடித்துக்கொள்ளுங்கள்.

நடு விரிப்பைத் திறந்து, 21 செ.மீ. நீள மடிப்பில் மூன்று இடம் குறியுங்கள்: மேலிருந்து 3 செ.மீ., 10.5 செ.மீ., 18 செ.மீ. அடியில் மடித்த பழைய துண்டை வைத்து, அந்த மூன்று இடங்களிலும் உறை உட்பட ஊசியால் துளையிடுங்கள். துளையிடுவது பெரியவர் வேலை. நூலைக் கோர்ப்பதும் இழுப்பதும் ஆறு வயதுக் குழந்தையாலும் முடியும்.

சுமார் 55 செ.மீ. நூலை ஒற்றையாகக் கோர்த்துக்கொள்ளுங்கள். உள்பக்கத்திலிருந்து நடுத்துளை வழியாக ஊசியை வெளியே எடுத்து, உள்ளே 6 செ.மீ. வால் விடுங்கள். வெளிப்பக்கமாக மேல்துளைக்குச் சென்று உள்ளே நுழையுங்கள். உள்ளே நடுத்துளையைத் தாண்டி நேராகக் கீழ்த்துளைக்குப் போய் வெளியே வாருங்கள். பிறகு வெளிப்பக்கமாக மீண்டும் நடுத்துளைக்கு வந்து உள்ளே நுழையுங்கள். இப்போது நூலின் இரு நுனிகளும் உள்ளே இருக்கும். உள்ளே மேலிருந்து கீழாக ஓடும் நீண்ட நூல், இரு நுனிகளுக்கும் நடுவில் வர வேண்டும். அதன் மேல் இரண்டு முடிச்சுப் போட்டு 1 செ.மீ. விட்டு வெட்டுங்கள். அந்த நீண்ட நூலைச் சேர்க்காமல் முடிச்சிட்டால் தையல் சில நாளில் தளர்ந்துவிடும். நூலை இழுக்கும்போது மடிப்புக்கு இணையாக இழுங்கள். மடிப்புக்குச் செங்குத்தாக வெடுக்கென்று இழுத்தால் துளை கிழியும்.

9. முடிந்த புத்தகத்தை என்ன செய்வது

வீட்டிலுள்ள மற்றப் புத்தகங்களோடு அதே அலமாரியில், குழந்தையின் கைக்கு எட்டும் தட்டில் வையுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டினால் அது வெற்றிக்கோப்பைபோல் ஆகிவிடும். இரவு வாசிப்புக்கு மற்ற கதைப்புத்தகங்களை எடுப்பதுபோல் இதையும் எடுத்து வாசியுங்கள்.

உறவினர் வீட்டுக்கு வந்ததும் “சித்திக்கு உன் கதையைப் படிச்சுக் காட்டு” என்று முன்னால் நிறுத்த வேண்டாம். வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்புவதாக இருந்தால் முதலில் குழந்தையிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அடுத்த கதையைச் சொல்லும்போது அதன் மனத்தில் யார் கேட்பவராக இருக்கிறார் என்பது இதைப் பொறுத்தது.

பரிசைப் பற்றியும் உறுதியாக ஒன்று சொல்ல வேண்டும். “ஒரு புத்தகம் முடிச்சா ஐஸ்கிரீம்” என்று பேரம் பேசாதீர்கள். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூன்று உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஏற்கனவே விருப்பத்தோடு வரைந்துகொண்டிருந்த மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு, வரைந்தால் நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி, பின்னர் அதைக் கொடுத்தார்கள். சில நாள் கழித்துச் சுதந்திரமாக விளையாடும் நேரத்தில் கவனித்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றப் பிரிவினரைவிட ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. கெடுப்பது முன்கூட்டிச் செய்யும் பேரம்தான். புத்தகம் முடிந்த மகிழ்ச்சியில் அன்று எல்லோரும் வெளியே போய் ஐஸ்கிரீம் சாப்பிடுவதில் தவறில்லை.

10. இடையில் வரும் சிக்கல்கள்

கதை முழுக்கத் தொலைக்காட்சிக் கார்ட்டூன் பாத்திரங்களாக வருவது பெற்றோர் அதிகம் கவலைப்படும் விஷயம். தடுக்க வேண்டாம். கடன் வாங்கிய பாத்திரத்தை வைத்துக் கதை கட்டுவதும் கதை கட்டுவதுதான். அந்தப் பாத்திரத்தை உங்கள் தெருவுக்குக் கூட்டிவந்துவிடுங்கள்: “அது நம்ம ரேஷன் கடை வரிசைல நின்னா என்ன ஆகும்?” பார்த்த கதையில் இல்லாத இடத்துக்கு வந்ததும் குழந்தை சொந்தமாகச் சிந்திக்க வேண்டியதாகிறது.

அடி, வெட்டு, சாவு என்று கதை போனால் பதறாதீர்கள். அஞ்சும் விஷயத்தைக் குழந்தை பெரும்பாலும் கதையில்தான் கையாளுகிறது. சொன்னபடி எழுதுங்கள். ஒரே பயம், ஒரே ஆள், ஒரே இடம் என்று பல நாள் திரும்பத் திரும்ப வந்தாலோ, கதைக்கு வெளியிலும் குழந்தை கலங்கியிருந்தாலோ, கதையை ஒதுக்கிவைத்துவிட்டுத் தனியாக மெதுவாக விசாரிக்க வேண்டும்.

ஒரே கதையைச் சிறு மாற்றத்தோடு மாதக்கணக்கில் சொல்லும் குழந்தைகளும் உண்டு. தேதியிட்ட நோட்டில் அந்த மாற்றங்களைப் பின்னோக்கிப் பாருங்கள். பெரும்பாலும் கதை வளர்ந்துகொண்டுதான் இருக்கும்.

பாதியில் விட்டுவிட்டால் வற்புறுத்தாமல், வரைந்த தாள்களை ஓர் உறையிலிட்டு எட்டும் இடத்தில் வையுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒருமுறை மட்டும் நினைவுபடுத்தலாம். முடிக்காத புத்தகங்கள் சில இருக்கத்தான் செய்யும்.

அண்ணனும் தங்கையும் இருக்கும் வீட்டில் தனித்தனி நோட்டும் தனித்தனி நேரமும் வேண்டும். மூத்தது குறுக்கிட்டுத் திருத்தினால் இளையது வாய் திறக்காது. தங்கையின் கதை நேரத்தில் அண்ணன் நடிப்புக்கு மட்டும் வரலாம்.

ஒன்பது வயதை ஒட்டி, அதுவரை தயங்காமல் வரைந்த குழந்தை “எனக்கு வரையவே வராது” என்று சொல்லத் தொடங்கும்போது, பாராட்டைக் கூட்டுவதால் பயனில்லை. தன் படத்துக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசம் இப்போது அதன் கண்ணுக்குத் தெரிகிறது. அதை எப்படிக் கடப்பது என்று சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். நிழல் எந்தப் பக்கம் விழும், தூரத்தில் உள்ளது ஏன் சிறியதாகத் தெரிகிறது, நடப்பவரின் கால் எப்படி மடங்குகிறது என்பவற்றைக் கற்றுத்தரக்கூடிய ஓவிய ஆசிரியரைத் தேட வேண்டிய காலம் அதுதான். சேர்க்கும் முன் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். பலகையில் உள்ள ஒரே படத்தை எல்லாக் குழந்தைகளும் நகலெடுத்துக்கொண்டிருந்தால் வேறு ஆசிரியரைத் தேடுங்கள். கதை நோட்டை மட்டும் அப்போதும் நிறுத்த வேண்டாம். எழுதும் பேனாவைக் குழந்தையின் கைக்கு மாற்றிக்கொடுத்துவிட்டு, நீங்கள் கேட்பவராகத் தொடருங்கள்.